பேனை கேக்கினம், அம்மா

எனக்குப் போர்த்துக்கேய மொழி தெரியும் என்ற எண்ணம் முதன்முதலாக வந்தது, ஒரு மேசை படிக்கட்டில் இறுகிப்போய் நின்ற மத்தியானத்தில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவில், சென்ற் கிளெயர் வீதியின் மேற்குப் பக்கம், ஒரு வீட்டின் பேஸ்மன்றுக்கு, அதாவது நிலக்கீழ்த் தளத்துக்கு, நாங்கள் குடிவந்த நாள். வீட்டுச் சொந்தக்காரி ஒரு போர்த்துக்கேயப் பெண். தன்னிடம் மிச்சமாகக் கிடந்த சாப்பாட்டு மேசையைத் தருகிறேன் என்று சொல்லி, ஒரு தலைப்பைத் தானே பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். மறு தலைப்பு அப்பாவிடம். நடுப்படியில் மேசை நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

கீழே நின்ற அம்மா கத்தினார்: "மேசையைச் சரியுங்கோவப்பா! மேசை! மேசையின்ர காலெல்லோ இடிக்குது!"

மேலே நின்ற பெண் காது கொடுத்தார். "மேஸா?" என்றார். பிறகு முகம் முழுவதும் விரிய, "ஸிம், ஸிம்! மேஸா!"

"யன்னலால இறக்கலாமோ எண்டு கேளுங்கோ," என்றார் அம்மா.

"ஜனெலா!" என்று அந்தப் பெண் ஒரு கையை மேசையிலிருந்து எடுத்து யன்னலைக் காட்ட, பாரம் முழுவதும் அப்பாவின் நெஞ்சில் இறங்கியது. அப்பா சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. அதற்குப் போர்த்துக்கேயத்தில் ஒத்த சொல் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த மாதம் முழுவதும் நான் சொல் பொறுக்கினேன். கதிரை அவருக்குக் கதெய்ரா. குசினி குஸீன்யா. அலுமாரி அர்மாரியு. துவாய், கோப்பை, வாங்கு, லேஞ்சி, பாண். சப்பாத்துக்குக் கொஞ்சமும் வித்தியாசமே இல்லை. வகுப்பில் இருந்த சென்னைப் பிள்ளை ஒருத்தி "கதிரை இல்லப்பா, நாற்காலி" என்று திருத்தப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. பாவம், அவளுக்குப் போர்த்துக்கேயம் தெரியாது.

என் சித்தாந்தம் இதுதான்: தமிழ்ச் சொல்லின் வாலை இழுத்து, கொஞ்சம் மூக்கால் பேசினால் போதும். பதினொரு வயதில் ஒரு மொழியைச் சும்மா கிடைத்த பொருளாகக் கண்டெடுத்தவளுக்கு இருக்கும் செருக்கு எனக்கு இருந்தது. இப்போது மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பாதியால் ஃபோன் பார்க்கிற வயதுக்கு வந்துவிட்ட என் வயதொத்த சோட்டுக்காரரே, நீங்களும் அந்த வயதில் இப்படி ஏதாவது ஒன்றுக்குள் தலையை நுழைத்திருப்பீர்கள்.

அப்பாவுக்கு வேறு ஒரு விளக்கம் இருந்தது. "மூண்டு நாலு நூறு வருசத்துக்கு முந்தி உவையள் வந்து எங்கட இடத்தில வாடகை குடுக்காமல் இருந்தவை. மேசை கதிரையை விட்டிட்டுப் போட்டினம். இப்ப நாங்கள் வந்து உவையின்ர இடத்தில வாடகை குடுத்து இருக்கிறம். மேசையையும் திருப்பித் தாறா."

"மெல்லக் கதையுங்கோ. விளங்கிப்போடும்," என்றார் அம்மா.

வீட்டுக்காரியை நாங்கள் அன்ரி என்றோம். அவரும் அம்மாவும் நகர மத்தியில் ஒரே கட்டடத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்கினார்கள். பேஸ்மன்றும் அந்தப் பழக்கத்தில்தான் கிடைத்தது. அன்ரியின் கணவர் கராஜில் வைன் வடிப்பார். அவர்கள் குசினித் தொட்டியில் எப்போதும் உப்பிட்ட மீன் ஊறிக்கொண்டிருக்கும். "கருவாடுதான், பேரை மாத்தி வைச்சிருக்கினம்," என்பார் அம்மா. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த மணம் படிக்கட்டால் இறங்கி வந்தால் சாம்பிராணியைக் கூடுதலாகக் காட்டுவார். டோர்செட் பார்க்கில் இருந்த மாமி, அப்பாவின் தங்கை, ஒவ்வொரு முறை வரும்போதும் மூக்கைப் பொத்துவார். "எங்கட சனம் முழுக்க ஸ்காபரோவில இருக்க, நீங்கள் இஞ்ச பறங்கியளோட என்ன செய்யிறியள் மச்சாள்?"

அடுத்தடுத்த வருடம் மாரியில் அன்ரியின் கணவர் இறந்துபோனார். கராஜில், வைன் பீப்பாக்களுக்குப் பக்கத்தில், நின்ற நிலையிலேயே.

செத்தவீடு முடிந்த பிறகு அன்ரி படுக்கையை விட்டு எழும்பவில்லை. அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை; சும்மா கிடந்தார். யன்னல் சீலையைத் திறக்கவிடமாட்டார். மகனும் மருமகளும் ஒஷாவாவிலிருந்து ஞாயிறுகளில் வந்து, கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அன்ரிக்கு வேலை போய்விடும் என்று அம்மா பயந்தார். என்ன செய்தார் தெரியுமா? தன் மாடியையும் முடித்து, அன்ரியின் மாடியையும் முடித்தார். மேற்பார்வைக்காரன் கேட்டால், "ஷீ இஸ் இன் வாஷ்ரூம்" என்பார். பனி இளகும்வரை அந்தப் பெண் வாஷ்ரூமிலேயே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ரசமும் சோறும் கொண்டு மேலே ஏறுவார். முதலில் திரும்பிவரும் கோப்பை நிறைய இருக்கும், பிறகு பாதியாக, பிறகு ஒருநாள் வெறுமையாக, கழுவிக் கவிழ்த்தபடி வந்தது. "கழுவியிருக்கிறாள்," என்று அம்மா அந்தக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பரிசு கிடைத்த மாதிரி.

அந்தக் கோடைதான் நான் சொல்ல வந்தது.

அன்ரி தன் ஊருக்குப் போக மூன்று ரிக்கற் எடுத்து வைத்திருந்தார். தனக்கும், மகனுக்கும், மருமகளுக்கும். வைகாசியில், கராஜில் கிடந்த பீப்பாக்களை விற்பதா இல்லையா என்பதில் ஏதோ பேச்சு முற்றி, மகன் வரமாட்டேன் என்றுவிட்டான். ரிக்கற் விற்றவர் அன்ரியின் ஊர்க்காரர். பெயரை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்ரி எங்கள் பேஸ்மன்றுக்கு இறங்கி வந்து, தான் தந்த மேசையிலேயே இரண்டு முழங்கைகளையும் ஊன்றி உட்கார்ந்தார்.

"யூ கம்," என்றார் அம்மாவிடம். "யூ, த மெனீனா. மீ அலோன், நோ. மை சிஸ்டர் லுக், மீ அலோன்... நோ."

மெனீனா நான்தான், சின்னப் பிள்ளை. தமக்கைக்கு முன்னால் தனியாகப் போய் நிற்க முடியாது என்கிறார். அது எனக்கே விளங்கியது. அம்மாவுக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மாமிக்குச் செய்தி போய், மாமி பறந்து வந்தார். "மச்சாள், உங்களுக்கென்ன விசரே? உவள் உங்களை வேலைக்காரி எண்டு சொல்லிக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போறாள். பெட்டி தூக்க ஆள் வேணும், அவ்வளவுதான்."

"பெட்டியை அவளும் தூக்குவாள், நானும் தூக்குவன்."

"அங்க போனாத் தெரியும்."

"நான் விருந்தாளியாப் போறன்," என்றார் அம்மா. "ஓசியிலயும் இல்லை. ரிக்கற் காசு மாசாமாசம் குடுப்பன் எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "போட்டு வாரும். உவையள் எங்களைக் கேட்டுக்கொண்டே வந்தவை?" என்றார்.

அம்மா அந்தப் பயணத்துக்கு ஆயத்தமான விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு இளகும். எங்களிடம் புதிதாகக் கிடைத்த கடும் நீலப் பாஸ்போட் இருந்தது. எங்கள் வாழ்வில் தப்பி ஓடாமல் செய்யப்போகும் முதல் பயணம் அது. பெரிய டப்பா சிலோன் தேயிலை, மேப்பிள் பாகு, தமக்கைக்கு ஒரு நல்ல சால்வை. கைநீட்டி வாங்குகிற இடத்துக்குப் போகவில்லை, கொடுக்கிற கையோடு போகிறேன் என்பதை அந்தச் சூட்கேஸ் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். நான் என் பங்குக்கு என் நாலு நிறப் பேனையைக் கொண்டுபோனேன். ஒரே பேனைக்குள் நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. மேலே உள்ள குமிழை அழுத்தினால் டிக் என்று நிறம் மாறும். அது இல்லாமல் நான் குளிக்கக்கூடப் போனதில்லை.

லிஸ்பன் விமான நிலையத்தில் அதிகாரி எங்கள் பாஸ்போட்டைப் பார்த்து, முத்திரை குத்தி, திருப்பித் தந்தார். அம்மா அசையாமல் நின்றார். அடுத்த ஆள் பின்னால் நெருக்கியும் நின்றார். அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

"அவ்வளவுதானோ?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"அவ்வளவுதான் அம்மா. வாங்கோ."

இதற்கு முன் விமான நிலையம் ஒன்றில் அம்மாவை ஒரு அறைக்குள் வைத்து விடியும்வரை கேள்வி கேட்டிருக்கிறார்கள். நான் அப்போது மடியில் நித்திரை. கேள்வி இல்லாத கதவு ஒன்றைக் கடக்க அவருக்கு ஒரு கணம் தேவைப்பட்டது.

ஒபிடுஷ் என்ற அந்த ஊர் லிஸ்பனுக்கு வடக்கே. பஸ் எங்களை மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டது. ஊர் முழுவதையும் ஒரு மதில் சுற்றிப் பிடித்திருந்தது. கல்லாலான, பல்லுப் பல்லாக வெட்டிய உச்சியுள்ள, மத்திய காலத்து மதில். வாசலுக்குள் நுழைந்தால் பாதை நேரே போகாமல் ஒரு முறை மடங்கியது. எதிரி ஓடிவந்தாலும் திரும்பும் இடத்தில் தடுமாற வேண்டுமாம். உள்ளே குளிர், ஈரச் சுண்ணாம்பு மணம், தலைக்கு மேலே நீல ஓடுகள். வெளியே வந்ததும் வெள்ளை வீடுகள் கண்ணைக் கூசவைத்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நீலத்திலோ மஞ்சளிலோ ஒரு பட்டை. ஒழுங்கையில் யாரோ மீன் சுட்டார்கள். கடைகளில் செரிப் பழத்தில் வடித்த மதுவின் மணம். அன்ரியின் கணவர் செத்த கராஜின் மணத்துக்குக் கிட்டத்தட்ட அதே மணம். அன்ரி அந்த இடத்தில் ஒருமுறை நின்று, பெட்டியைக் கை மாற்றிப் பிடித்து, நடந்தார்.

தமக்கையின் வீடு மதிலோரம். குசினி யன்னலைத் திறந்தால் ஒரு சின்ன ஒழுங்கை, அதற்கு அந்தப் பக்கம் மதில், அவ்வளவுதான் காட்சி. தமக்கை மெலிந்து, கறுப்புடுப்பில், நிமிர்ந்து நின்றார். தங்கையை இரண்டு கன்னத்திலும் தொட்டும் தொடாமலும் கொஞ்சினார். பிறகு அவர் தோளுக்கு மேலால் பார்த்தார். மகன் எங்கே என்று தேடுகிறார் என்பதற்கு மொழி வேண்டியதில்லை. கிடைத்தது சேலை கட்டிய அம்மாவும் நானும்.

அன்ரி நீளமாக எதையோ சொன்னார். அம்மாவைக் காட்டிக் காட்டிச் சொன்னார். தமக்கை கன்னத்தில் கை வைத்தார்.

"கோயித்தாதா," என்றார். அதற்குத் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். அடுத்தது: "க்கி பேனா... க்கி பேனா."

கிடைத்தது!

"என்னவாம்?" என்று அம்மா சிரித்த முகம் மாறாமல் உதட்டோரத்தால் கேட்டார்.

"பேனை கேக்கினம், அம்மா."

"பேனையோ? என்னத்துக்கு?"

"விலாசம் எழுதவாக்கும்."

நான் நாலு நிறப் பேனையை எடுத்து நீட்டினேன். தமக்கை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாட்களில் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, எதிர் வீட்டுக்காரி, பாண்கடைக்காரி. எல்லோருக்கும் அன்ரி அதே கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நீண்டது. எல்லோரும் தலையை ஒரு பக்கம் சாய்த்து அம்மாவைப் பார்த்து, பேனை கேட்டார்கள். நான் நீட்டியபடியே இருந்தேன். ஒருவரும் வாங்கவில்லை. இந்த ஊரில் இத்தனை பேருக்கு எழுத வேண்டியிருக்கிறது, ஆனால் என் பேனை பிடிக்கவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

அம்மாவைக் குசினிக்குள் விடவில்லை. எழும்பினால் தோளைப் பிடித்து இருத்தினார்கள். சாப்பாட்டுக் கோப்பையில் அளவுக்கு மிஞ்சிப் போட்டார்கள். அம்மா போதும் என்று கை காட்ட, இன்னும் போட்டார்கள். கொண்டுவந்த சால்வையைத் தமக்கை பிரித்துப் பார்த்து, மடித்து, அம்மாவின் மடியிலேயே திருப்பி வைத்தார். நீயே வைத்துக்கொள், உனக்குத்தான் தேவை என்பது போல. அன்று பின்னேரம் தமக்கை ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே பழைய கம்பளிச் சட்டைகள், முழங்கை தேய்ந்த ஒரு கோட், யாரோ ஒரு பிள்ளைக்குச் சின்னதாய்ப் போன சப்பாத்து.

அம்மா பையைப் பார்த்தார். அன்ரியைப் பார்த்தார். அன்ரி யன்னலுக்கு வெளியே மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி சொன்னது சரியாக்கும்," என்று அம்மா அன்றிரவு சொன்னார், எனக்கென்று இல்லாமல். "ஆனா வேலைக்காரிக்கு இவ்வளவு சோறு போடமாட்டினமே."

முடிச்சு அவிழ்ந்தது மறுநாள் காலையில். தமக்கையின் மகன், சுற்றுலாக்காரருக்குக் கடை வைத்திருந்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். பாண் கொண்டுவந்தவர் அப்படியே கதவில் சாய்ந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரி அம்மாவைப் பார்த்து மறுபடியும், "க்கி பேனா" என்றார். நான் பேனையை எடுத்து, இந்த முறை பச்சையாவது பிடிக்கட்டும் என்று பச்சைக் குமிழை அழுத்தி நீட்டினேன்.

மகன் வெடித்துச் சிரித்தார். "நோ, நோ, மெனீனா! எழுதுகிற பேனைக்கு நாங்கள் கனேட்டா என்போம். பேனா என்றால்... எப்படிச் சொல்வது... பாவம். ஐயோ பாவம் என்கிறார்கள்."

"ஆர் பாவம்?"

"உன் அம்மாதான்." அவர் நல்ல மனிதர், நல்லது சொல்வதாகவே நினைத்துச் சொன்னார். "யுத்தத்தால் எல்லாம் இழந்து வெறுங்கையோடு வந்தார் என்று சித்தி சொன்னார். சித்திதான் வீடு கொடுத்து, சாப்பாடு கொடுத்து, தன் வேலையிலும் சேர்த்துவிட்டு, இங்கே கூட்டிவந்திருக்கிறார். சும்மா. சித்திக்குப் பெரிய மனசு."

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் விளங்கியது நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. நடுவில் நிறுத்தவும் தெரியவில்லை.

அம்மா சத்தம் போடவில்லை. அன்ரியிடம் ஆங்கிலத்தில், "ஐ பே ரென்ற்," என்றார். பிறகு, "யூ ஸ்லீப். ஐ கிளீன். யுவர் ஃப்ளோர், மை ஃப்ளோர்." அதற்கு மேல் ஆங்கிலம் கிடைக்கவில்லை. தமிழில் முடித்தார்: "உனக்கு நான் ரசம் வைச்சுத் தந்தனான். கோப்பை கழுவித் தந்தியே, மறந்திட்டியோ?"

அன்ரியின் கழுத்து சிவந்தது.

அம்மா எழும்பி, வாசலில் கிடந்த தன் சப்பாத்தைப் போட்டு, லேசைக் கட்டினார். நின்றபடி குனிந்து, இரண்டு முடிச்சு. நான் பேனையை மேசையிலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். அதை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

ஒழுங்கை முடிவில் மதிலுக்கு ஏறும் கற்படிகள் இருந்தன. அம்மா சேலைக் கொய்யகத்தை இடுப்பில் செருகி ஏறினார். மேலே ஒரு ஒடுக்கமான நடைபாதை. வெளிப்பக்கம் பல்லு வைத்த சுவர். உட்பக்கம் ஒன்றுமில்லை. கைபிடி இல்லை, கம்பி இல்லை, கயிறு இல்லை. நேரே கீழே ஓடுகளும், கொடியில் காயும் துணிகளும், ஒரு நாயும்.

"கீழ பாராத. எனக்குப் பின்னால வா. சுவரைத் தொட்டுக்கொண்டு வா."

"எங்க அம்மா போறம்?"

"சுத்தி."

காற்று சேலையைப் பாய்மரமாக்கியது. வெளியே திராட்சைத் தோட்டங்கள், வெயிலில் வெளிறிய மலைகள். எனக்குப் பயமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. அம்மா பேசிக்கொண்டே நடந்தார். "வடிவாத்தான் கட்டியிருக்கினம். எங்கட ஊரில இருக்கிற கோட்டையும் இவையள் தொடங்கினதுதானாம். பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவை. பிறகு அந்தப் பக்கம் போனா வெடி விழும் எண்டு ஒருதரும் போறேல்ல." கொஞ்ச தூரம் போய், "கைபிடி வைக்க மறந்திட்டாங்கள், மடையங்கள்," என்றார்.

அப்போது கீழே குரல் கேட்டது. மதிலோரமாகவே போகும் ஒழுங்கையில் அன்ரி ஓடி வந்துகொண்டிருந்தார். ஏப்ரனோடு, ஒரு கையில் இன்னும் துவாய். படியில் ஏறுவதற்குக் கால் வைத்து, இரண்டாம் படியோடு நின்று, திரும்ப இறங்கி, கீழே இருந்தே எங்களோடு சமமாக நடந்தார். அவருக்கு உயரம் என்றால் பயம். சென்ற் கிளெயரில் யன்னல் துடைக்கக்கூட ஏணியில் ஏறமாட்டார்.

"கம் டவுன்! யூ ஃபோல்! யூ டை!"

அம்மா நடந்தார்.

"ப்ளீஸ்! த மெனீனா!"

அம்மா நின்றார். திரும்பிக் கீழே பார்த்தார். என்னைக் கீழே பாராதே என்றவர் தானே பார்த்தார்.

"டெல் தெம்," என்றார்.

"டெல் வட்?"

"என்ன நடந்ததோ, அதை." என்னைப் பார்த்து, "சொல்லு அவளுக்கு," என்றார். நான் ஆங்கிலத்தில் கத்தினேன். எனக்குத் தெரிந்த போர்த்துக்கேயம் முழுவதையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். மேசையும் கதிரையும் அலுமாரியும் இருந்தன, உண்மை என்பதற்கு ஒரு சொல் இருக்கவில்லை.

அந்த இடம் தமக்கையின் குசினி யன்னலுக்கு நேர் எதிர். தமக்கை யன்னலில் நின்றார். பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. ஒழுங்கையில் கமராவோடு வந்த இரண்டு சுற்றுலாக்காரர் சேலை கட்டிய பெண்ணை மதிலில் கண்டு படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கேயோ யாருடைய அல்பத்திலோ இருக்கும்.

அன்ரி துவாயை இரண்டு கையாலும் முறுக்கினார். பிறகு யன்னலைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். முதலில் மெல்ல, தமக்கை கேட்கவில்லை என்று காதில் கை வைக்க, உரத்து. ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் கைகள் விளங்கின. தன் நெஞ்சில் தட்டினார். கன்னத்தின் கீழ் கை வைத்துப் படுத்துக் காட்டினார், கண்ணை மூடினார், மூடியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்களைக் காட்டினார். காற்றில் தரை துடைத்தார், ஒருமுறை, மறுமுறை. காற்றில் கரண்டி பிடித்து ஊட்டினார். ஒழுங்கையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

தமக்கை யன்னலைச் சாத்தினார்.

அவ்வளவுதான், எல்லாம் கெட்டது என்று நான் நினைத்தேன். அன்ரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலை குனிந்து நின்றார். ஆனால் கதவு திறந்தது. தமக்கை வெளியே வந்து, அன்ரியின் இரண்டு தோளையும் பிடித்து உலுப்பினார். திட்டினார், நீளமாக. மகன் பிறகு சொன்னார், தமக்கை கேட்டது இதுதானாம்: "இவ்வளவு நாள் எழும்பாமல் கிடந்திருக்கிறாய், எனக்கு ஒரு ஃபோன் பண்ணினாயா? அந்நியப் பெண் ஒருத்தி உன்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள், நான் இங்கே என்ன செத்தா போனேன்?" அன்ரி பயந்தது தமக்கை இளக்காரமாகப் பார்ப்பார் என்று. தமக்கைக்கு வலித்தது தன்னைக் கூப்பிடவில்லை என்று. அத்தனை வருடம், ஒரு கடலுக்கு இரண்டு பக்கமும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தவறாகவே கணித்து வைத்திருந்தார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு அத்திமரத்தடியில் அடுத்த படிகள் இருந்தன. அம்மா அதால் இறங்கினார். மதில் இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அன்ரி படியடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அம்மா இரண்டு கையாலும் சேலையைப் பிடித்திருந்ததால் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அல்லது பிடிக்காமலிருக்கச் சேலையைப் பிடித்தாரோ தெரியாது. கடைசிப் படியில் நின்று, "தேத்தண்ணி போடு," என்றார் தமிழில். அன்ரிக்கு விளங்கியது.

அடுத்த நாள் காலை தமக்கை அம்மாவுக்கு முன்னால் ஒரு கடகம் வெங்காயத்தையும் ஒரு கத்தியையும் வைத்தார். இருக்கச் சொல்லவில்லை, தோளைப் பிடிக்கவில்லை. உரி என்று கண்ணால் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மாமி கண்டிருந்தால், "பார், சொன்னனே" என்றிருப்பார். அம்மாவோ அந்தப் பயணத்தில் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். வெங்காயம் உரித்து, கண்ணில் நீர் வழிய, தமக்கையோடு ஒரு சொல்லும் பொதுவாக இல்லாமல் ஒரு காலை முழுவதும் கதைத்தார். விருந்தாளி, வேலைக்காரி என்ற இரண்டு கதிரைகளுக்கும் நடுவே அவருக்கு உட்கார ஒரு இடம் கிடைத்திருந்தது. சால்வை அன்று தமக்கையின் தோளில் கிடந்தது.

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அகராதி பார்த்தேன். அவர்கள் மொழியில் இறகுக்கும் அதே சொல்தானாம், பேனா. இறகால் எழுதிய காலத்தில் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. ஒரே ஒலியில் இரண்டு பொருள் கரையில் வந்து இறங்க, எங்கள் ஆட்கள் எழுதுகிறதை எடுத்துக்கொண்டு, ஐயோ பாவத்தைக் கப்பலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோடையில் அம்மா செய்ததும் அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

நீண்ட காலம் நான் நினைத்திருந்தேன், அம்மாவைக் கோபப்படுத்தியது அன்ரியின் பொய் என்று. போன ஞாயிறு மில்லிக்கனில் அவர் வீட்டில், பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பொய்யுக்கே?" என்றார். "அகதி எண்டு நானே எத்தினை பொய் சொன்னனான். பொய் ஒரு பெரிய விசயமே?" ஒரு காயை முறித்தார். "என்னட்டை உதவி வாங்கினது வெக்கம் எண்டு நினைச்சிட்டாள் பார். அதுதான் பிள்ளை. வேற ஆரிட்டையும் வாங்கியிருந்தாச் சொல்லியிருப்பாள்."

நானும் ஒரு காயை எடுத்து முறித்தேன். பிறகு, எனக்கு எப்போதும் நடப்பதுபோல், யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

"அம்மா, மதிலில முக்கால்வாசி மிச்சமெல்லோ. வாற வைகாசியில போவமோ? அந்த அத்திமரத்துப் படியில ஏறி, மிச்சத்தை நடந்து முடிப்பம்."

எழுபது தாண்டியவர். ஐயோ, ஏலாது என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஹோட்டலில நிக்கிறதெண்டா வாறன்," என்றார். "என்ர காசில."

"அன்ரியையும் கேக்கட்டோ?"

"உவளோ? உவள் முழங்கால் ரெண்டும் மாத்தினவள். எங்க ஏறுறது?"

"அப்ப வேண்டாமோ?"

"ஆர் வேண்டாம் எண்டது?" பயற்றங்காய்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "கேள். கீழ நிண்டு கத்தட்டும்."